மீன் விலை ஏறினால் எங்கள் வீட்டுக்கு லாபமா?



சங்க மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று கேட்டபோது, "எனக்கு எழுத வராதுங்க" என்றுதான் முதலில் சொன்னேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். கதை, கவிதை எல்லாம் எழுதத் தெரியாது. ஆனால் மனதில் ரொம்ப நாளாக ஒரு கணக்கு கிடக்கிறது. அதை உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

அப்பா கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். அம்மா அதே துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, நெல்லிக்குப்பம் பக்கம் தெருத் தெருவாக விற்கிறவர். சென்ற ஏப்ரல் கடைசியில், செமஸ்டர் தேர்வு நெருங்கிய நேரம், கேன்டீனில் உட்கார்ந்திருந்தோம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. என் நண்பன் ஒருவன் சொன்னான்: "டேய், மீன் விலை டபுள் ஆயிடுச்சாமே! உங்க அம்மாவுக்கு இப்ப செம லாபம்னு சொல்லு. இன்னிக்கு டீ உன் கணக்கு!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் இரண்டு வேளைதான் உலை வைத்தார்கள் என்பதை நான் சொல்லவில்லை.

ராத்திரி அம்மாவிடம் கேட்டேன், "ஏம்மா, விலை ஏறினா நமக்கு நல்லதுதானே?" அம்மா கத்தியைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "விலை ஏறினா என்னடா தம்பி, கூடையில மீன் ஏறலையே."

இந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. எங்கள் தெருவில் ஓர் அக்காவிடம் பிளஸ் ஒன் பொருளியல் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். புத்தகத்தில் படித்ததையும் துறைமுகத்தில் பார்த்ததையும் சேர்த்துக் கீழே தருகிறேன்.

தேவையும் அளிப்பும்

ஒரு பொருளை வாங்க விருப்பமும் கையில் பணமும் இருந்தால் அதற்குத் 'தேவை' என்று பெயர். அந்தப் பொருள் சந்தைக்கு எவ்வளவு வருகிறதோ அது 'அளிப்பு'. விலை ஏறினால் வாங்குகிறவர்கள் குறைவார்கள், விற்க வருகிறவர்கள் கூடுவார்கள். விலை இறங்கினால் இது தலைகீழாக நடக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்பது சமநிலை விலை.

இதைப் படமாகப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலை ஐந்து மணிக்குத் துறைமுகத்துக்கு வாருங்கள். படகிலிருந்து மீனைக் கொட்டுவார்கள். ஏலக்காரர் ஒரு விலை சொல்லித் தொடங்குவார். சுற்றி நிற்கிற பெண்களும் லாரி வியாபாரிகளும் ஏற்றிக் கேட்பார்கள். இரண்டு நிமிடத்தில் விலை முடிந்துவிடும். எட்டிப் பார்த்து, "பின்னாடி இன்னும் நாலு படகு வருது" என்று யாராவது சொன்னால் போதும், ஏறிக்கொண்டிருந்த விலை அங்கேயே நின்றுவிடும். புத்தகத்தில் இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒன்று போட்டிருக்கிறார்களே, அந்தப் புள்ளியைத்தான் எங்கள் துறைமுகத்தில் தினமும் கத்திக் கத்திக் கண்டுபிடிக்கிறார்கள்.

அளிப்பு எப்போது குறைகிறது?

முதலாவது, தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் அவற்றை விட்டுவைக்க வேண்டும் என்பதற்காக, தமிழ்நாடு கடல்மீன்பிடி ஒழுங்குபடுத்துதல் சட்டம், 1983-ன் கீழ் விசைப்படகுகள் கடலுக்குப் போக 2001 முதல் ஆண்டுதோறும் தடை விதிக்கப்படுகிறது. முதலில் இது 45 நாளாக இருந்தது. 2017 முதல் 61 நாள் ஆனது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. நாட்டுப்படகுகளும் பைபர் படகுகளும் போகலாம். ஆனால் அவை பெரும்பாலும் கரையை ஒட்டியே பிடிப்பதால் மீன் கொஞ்சமாகத்தான் வரும். மேற்குக் கரையில் தடை ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் கேரள மீன் ஐஸ் பெட்டியில் லாரி ஏறி இங்கே வருகிறது. லாரி வாடகையும் ஐஸ் செலவும் அதன் விலையில் ஏறிக்கொள்ளும்.

இரண்டாவது, வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றழுத்தத் தாழ்வு என்று ஒரு வார்த்தை வானொலியில் வந்தாலே படகுகள் கட்டிவிடும். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, அதற்கு முன்னும் பின்னும் பல நாட்கள் எங்கள் ஊர்ப் படகுகள் அசையவே இல்லை.

தேவை எப்போது மாறுகிறது?

கடல் தன் வேலையைச் செய்கிறது என்றால், பஞ்சாங்கமும் தன் வேலையைச் செய்கிறது! புரட்டாசியில் பெருமாளுக்கு விரதம் என்று பாதி வீடுகளில் மீன் வாங்க மாட்டார்கள். கடலில் மீன் இருக்கும், வலையிலும் இருக்கும், தெருவில் கேட்க ஆள் இருக்காது. விலை இறங்கும். புரட்டாசி முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கூடை ஒன்பது மணிக்கே காலி. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் மறுபடியும் மந்தம். ஆடியில் கூழ் ஊற்றும் வாரங்களில் கருவாட்டுக்குக் கிராக்கி. ஒரே மீன், ஒரே துறைமுகம், ஆனால் மாதத்துக்கு ஒரு விலை.

இதுவரை புத்தகம் சொல்வதுதான். இனிமேல்தான் என் கணக்கு வருகிறது.

மூன்று நாள் கணக்கு

அம்மா முதலாக வைத்திருப்பது மூவாயிரம் ரூபாய். எண்களைக் கணக்குக்காக முழுதாக்கிக்கொண்டேன். எடுத்துக்கொண்ட மீன் கானாங்கெளுத்தி.

சாதாரண நாள்: ஏலத்தில் கிலோ ரூ.150. மூவாயிரத்துக்கு 20 கிலோ கிடைக்கும். தெருவில் கிலோ ரூ.200-க்கு விற்றால் ரூ.4,000. ஆட்டோ, ஐஸ், சுமை எல்லாம் ரூ.300. மிச்சம் ரூ.700.

தடைக்கால நாள்: ஏலத்தில் கிலோ ரூ.300. அதே மூவாயிரத்துக்கு 10 கிலோதான். தெருவில் ரூ.370 சொல்கிறார். எட்டு கிலோ போகிறது. மீதி இரண்டு கிலோவை வாங்க ஆள் இல்லை. சாயங்காலம் மீன் வாடத் தொடங்கியதும் ரூ.250-க்குத் தள்ளுகிறார். மொத்தம் ரூ.3,460. ஆட்டோக்காரர் பாதிக் கூடைக்குப் பாதி வாடகை வாங்குவதில்லை. செலவு அதே ரூ.300. மிச்சம் ரூ.160.

மீன் குவியும் நாள்: தடை முடிந்து விசைப்படகுகள் நிறைந்து கரை திரும்புகிற நேரம். ஏலத்தில் கிலோ ரூ.60. அம்மா தூக்க முடிந்தது 30 கிலோ. முதல் ரூ.1,800. தெருவில் எல்லார் கூடையிலும் அதே மீன்தான். ரூ.90-க்கு 22 கிலோ போகிறது, ரூ.1,980. செலவு ரூ.300 போனால் அன்றைக்குக் கையிலிருந்து ரூ.120 நஷ்டம். மீந்த எட்டு கிலோ உப்பில் போய்க் கருவாடாகிறது. காய்ந்து விற்றால் நஷ்டம் சரியாகும். நடுவில் மழை வந்தால் அதுவும் போச்சு.

நன்றாகப் பாருங்கள் நண்பர்களே. விலை இரண்டு மடங்கு ஆன நாளில் வருமானம் எழுநூறிலிருந்து நூற்று அறுபதுக்கு இறங்கிவிட்டது. விலை விழுந்த நாளிலும் நஷ்டம். விலை நடுவில் நிற்கிற நாளில்தான் எங்கள் வீட்டில் மூன்று வேளைச் சோறு.

அம்மாவின் 'முதல்' என்பதும் சொந்தப் பணம் இல்லை. தண்டல் பணம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள் கட்ட வேண்டும். சாதாரண நாளில் எழுநூறில் நூறு போனால் தெரியாது. தடைக்காலத்தில் நூற்று அறுபதில் நூறு போனால் மீதி அறுபது. தண்டல்காரருக்குத் தடைக்காலம் கிடையாது.

அரசு தடைக்கால நிவாரணம் கொடுக்கிறதே என்று கேட்பீர்கள். கொடுக்கிறது, மறுக்கவில்லை. குடும்பத்துக்கு ஐந்தாயிரமாக இருந்ததை எட்டாயிரமாக உயர்த்துவதாக 2023-ல் அறிவித்தார்கள். எட்டாயிரத்தை 61 நாளால் வகுத்தால் நாளுக்கு ரூ.131 வரும். நான் கால்குலேட்டரில் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

தடையே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. "முட்டை மீனைப் புடிச்சா நாளைக்கு எதைப் புடிப்ப?" என்று எங்கள் ஆயாவே கேட்கும். அப்பாவும் அந்த இரண்டு மாதம் வலை பின்னுவது, படகுக்குப் பெயின்ட் அடிப்பது என்று கிடைத்த கூலிக்குப் போகிறார். சில வருடம் கேரளப் படகுக்கும் போயிருக்கிறார். நான் சொல்வது ஒன்றுதான்: விலை ஏறுவது வேறு, வருமானம் ஏறுவது வேறு.

அப்படியானால் லாபம் யாருக்கு?

விலை என்பது ஒரு கிலோவுக்கு. வருமானம் என்பது விலையை எடையால் பெருக்கி, செலவைக் கழித்தது. விலை ஏறும்போது எடை அதைவிட வேகமாகக் குறைந்தால் வருமானம் விழும். மீன் விலை ஏறியதும் வீட்டுக்காரர்கள் கோழிக்கறிக்கோ முட்டைக்கோ மாறிவிடுகிறார்கள். இதைப் புத்தகத்தில் 'தேவை நெகிழ்ச்சி' என்கிறார்கள். மாற்றுப் பொருள் இருக்கிற இடத்தில் நெகிழ்ச்சி அதிகம். அம்மா இதை, "கோழிக் கடைக்கு வழி விட்டுட்டோம்" என்கிறார்.

ஆனால் விலை ஏறும்போது லாபம் பார்க்கிறவர்களும் உண்டு. மலிவான நாளில் வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து, விலை ஏறியதும் எடுத்து விற்பவருக்கு லாபம். அவர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. அவரிடம் கிடங்கு இருக்கிறது, கரண்டு பில் கட்டப் பணம் இருக்கிறது, ஆகவே அவரால் காத்திருக்க முடிகிறது. அம்மாவால் முடியாது. மீன் சாயங்காலத்துக்குள் வாடும், தண்டல் இருட்டுவதற்குள் வாசலுக்கு வரும். காத்திருக்க முடிந்தவருக்குத்தான் விலை ஏற்றம் லாபம். மற்றவர்களுக்கு அது வெறும் செய்தி.

கடல் தாண்டியும் இதே கதை

இது எங்கள் குப்பத்துக் கதை மட்டும்தானா என்று தேடியபோது, அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தைப் பற்றிப் படித்தேன். அங்கே கிராஃபிஷ் என்று ஒன்று உண்டு. பார்க்க நம்ம ஊர் சிங்கி இறாலின் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் நன்னீரில் வாழ்வது. நெல் அறுத்த வயலில் தண்ணீர் கட்டி அதை வளர்க்கிறார்கள். குளிர்காலத்தில் தொடங்கி, வசந்த காலத்தில் உச்சத்துக்குப் போய், கோடை தொடக்கத்தில் முடிகிற பருவம். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் கறி சாப்பிடாத வழக்கம் உள்ளவர்கள் மீன், கிராஃபிஷ் என்று வாங்குவதால் அப்போது கிராக்கி அதிகம். இங்கே விரதம் வந்தால் மீன் விலை இறங்குகிறது, அங்கே விரதம் வந்தால் ஏறுகிறது. வேடிக்கையாக இல்லையா?

2023-ல் அங்கே கடும் வறட்சி. கிராஃபிஷ் கோடையில் மண்ணுக்குள் வளை தோண்டி ஈரத்தில் கிடக்கும். மண் காய்ந்து வெடித்ததால் உள்ளேயே ஏராளமாகச் செத்துப்போயின. 2024 தொடக்கத்தில் விலை பல மடங்கு ஏறியது. அந்த மார்ச் மாதம் மாநில ஆளுநர் ஜெஃப் லேண்ட்ரி கிராஃபிஷ் தொழிலுக்காகவே பேரிடர் அறிவிப்பு வெளியிட்டார். விலை பல மடங்கு ஏறிய வருடத்தில் பேரிடர் என்று ஏன் அறிவிக்க வேண்டும்? பொறியில் பிடிபடவில்லையே! எங்கள் அம்மா நெல்லிக்குப்பம் தெருவில் சொன்னதைத்தான் அந்த விவசாயியும் அவர் மொழியில் சொல்லியிருப்பார்.

இன்னொரு பாடம் நம் பக்கத்திலேயே உண்டு. நாகப்பட்டினம் பக்கத்துப் பண்ணைகளில் வளர்க்கும் வன்னாமி இறாலுக்கு நம் தெரு சந்தை இல்லை, வெளிநாடுதான் சந்தை. அதிலும் இந்திய இறாலை அதிகம் வாங்குவது அமெரிக்கா. 2025 ஆகஸ்டில் அந்நாடு இந்தியப் பொருள்களுக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியது. குளத்தில் இறால் அப்படியேதான் இருந்தது, அளிப்பில் மாற்றம் இல்லை. தேவைக் கோடு மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. விலை கூடும்வரை இறாலைக் குளத்திலேயே விடலாமே என்றால், ஒவ்வொரு நாளும் தீனிச் செலவு, ஒவ்வொரு நாளும் நோய்ப் பயம். இங்கேயும் கேள்வி அதேதான்: யாரால் காத்திருக்க முடியும்?

டிப்ளமோ மாணவன் என்ன செய்யலாம்?

நாம் இயந்திரவியல் படிக்கிறவர்கள். குளிர்பதனம் பாடத்தில் உள்ளுறை வெப்பம் என்று படித்தோமே, அதை நான் மதிப்பெண்ணுக்காகத்தான் மனப்பாடம் செய்தேன். மீன் கூடையின் முன் உட்கார்ந்தபோதுதான் அது எதற்கு என்று புரிந்தது.

ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். பத்து கிலோ மீனை 30 டிகிரியிலிருந்து 0 டிகிரிக்குக் கொண்டுவர, மீனின் வெப்ப ஏற்புத்திறனை ஏறக்குறைய 3.6 என்று வைத்தால், 10 × 3.6 × 30 = 1,080 கிலோஜூல். அதாவது சுமார் மூன்றேகால் கிலோ ஐஸ் போதும். ஆனால் நம் மாதிரி வெயில் நாட்டில் மீனுக்குச் சமமான எடை ஐஸ் வேண்டும் என்கிறார்கள். மீதி ஐஸ் எங்கே போகிறது? மீனைக் குளிர வைக்க அல்ல, பாத்திரத்தின் வழியாக உள்ளே புகும் வெயிலோடு சண்டை போடத்தான். அம்மா வைத்திருப்பது அலுமினிய அன்னக்கூடை. வெப்பத்தைக் கடத்துவதில் அலுமினியம் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உங்களுக்கே தெரியும்!

அதனால் ஒரு பழைய தெர்மோகோல் பெட்டியை வாங்கி, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, வெளியே சாக்குப் பையைச் சுற்றித் தைத்தேன். பெட்டியில் ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு மீன். மூடியைத் திறக்காமல், பார்வைக்கு இரண்டு கிலோவை மட்டும் அன்னக்கூடையில் வைத்து விற்பது. முதலில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "மீனைப் பொட்டிக்குள்ள ஒளிச்சு வச்சா எவன்டா வாங்குவான்?" என்றார். ஒரு வாரம் பார்க்கலாம் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

சாயங்காலம் ரூ.250-க்குத் தள்ளின அந்த இரண்டு கிலோ மீன் கெடாமல் நின்றது. மறுநாள் காலை, "நேத்து மீனுதான், ஐஸ்ல இருந்தது" என்று சொல்லியே ரூ.350-க்கு விற்றார். கூடுதலாக ரூ.200. கூடுதல் ஐஸுக்கு ரூ.40 போனால் ரூ.160. தடைக்காலத்தில் அம்மாவின் ஒரு நாள் மிச்சமே அவ்வளவுதான்! எல்லா நாளும் இப்படி நடந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் ஐஸ் கிடைக்கவில்லை, ஒரு நாள் ஆட்டோவில் பெட்டி உடைந்தது. ஆனால் அம்மாவால் ஒரு ராத்திரி காத்திருக்க முடிந்தது. இதுவரை முடியாத காரியம் அது.

ஒரு பெட்டியால் தண்டல் ஒழியாது. எங்கள் தெருப் பெண்கள் சுயஉதவிக் குழுவில் சேர்ந்து குறைந்த வட்டியில் கடன் எடுத்து, நாலு பேராக ஏலம் எடுத்து, ஒரே வண்டியில் போனால் ஆட்டோ செலவும் வட்டியும் குறையும். கருவாட்டை மழையிலிருந்து காப்பாற்ற சூரிய உலர்த்தி இருந்தால் மீன் குவியும் நாளின் நஷ்டமும் குறையும். கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்கு என் குழு அந்த உலர்த்தியைத்தான் எடுத்திருக்கிறது. விலையை நம்மால் நிறுத்த முடியாது. காத்திருக்கும் சக்தியை நம் ஒர்க்‌ஷாப்பிலேயே கொஞ்சம் செய்ய முடியும்.

முடிவாக

கேன்டீனில் கிண்டல் செய்த நண்பனிடம் பிறகு இந்த மூன்று நாள் கணக்கை நோட்டில் போட்டுக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. ஜூன் மாதம் ஒரு நாள் விடியற்காலை என்னோடு துறைமுகத்துக்கு வந்தான். ஏலம் முடிந்ததும் பெட்டியின் ஒரு பக்கத்தை அவன் பிடிக்க, மறுபக்கத்தை நான் பிடித்து ஆட்டோவில் ஏற்றினோம். அம்மா அவனைப் பார்த்து, "சாப்ட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டார். இப்போது அந்த உலர்த்தி புராஜெக்ட்டில் வெல்டிங் வேலை முழுக்க அவன் பொறுப்பு.

நண்பர்களே, அடுத்த தடவை மீன், தக்காளி, வெங்காயம் எதுவாக இருந்தாலும் விலை ஏறிவிட்டது என்று செய்தி வந்தால், விற்கிறவருக்குக் கொள்ளை லாபம் என்று உடனே சொல்லிவிடாதீர்கள். கூடையில் எவ்வளவு இருக்கிறது, அது எத்தனை மணி வரை தாங்கும், முதல் யாருடைய பணம் என்ற மூன்று கேள்வியையும் கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு லாபக் கணக்கு போடலாம்.